பழைய செல்போனில் கிடைக்கும் அதிர்வு மோட்டார்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திரை உடைந்தோ பேட்டரி செத்தோ மேசை இழுப்பறையில் கிடக்கும் பழைய செல்போனுக்குள் ஒரு சின்னஞ்சிறு மோட்டார் பெரும்பாலும் நல்ல நிலையிலேயே இருக்கும். அழைப்பு வரும்போது போனை அதிரவைத்த மோட்டார் அது. அதைக் கழற்றி ஆர்டுயினோ, ஈஎஸ்பி32 போன்ற, நிரல் எழுதி இயக்கும் சிறு மின்னணுப் போர்டுகளுடன் இணைத்துப் பயன்படுத்த விரும்பும் மாணவர்களும் பொழுதுபோக்காக மின்னணுவியல் பழகுவோரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பல ஆண்டுகளாக இந்த மோட்டார்களைக் கையாண்டதில் எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்று உண்டு. கழற்றி எடுத்த மோட்டார் ஓடவில்லை என்று கொண்டுவருபவர்களில் பெரும்பாலானோரின் மோட்டாரில் எந்தப் பழுதும் இருப்பதில்லை. கம்பியை இணைத்த விதம், மின்சாரம் கொடுத்த விதம், ஒட்டிய இடம் ஆகிய மூன்றில் ஏதோ ஒன்றுதான் தவறியிருக்கும். ஆகவே அந்த மூன்றையும் பற்றிய பதில்கள் மற்றவற்றைவிட நீளமாக இருக்கும்.

இவ்வளவு சிறிய மோட்டார் எப்படி ஒரு போனையே அதிரவைக்கிறது?

மோட்டாரின் தண்டில் பாதி நிலா வடிவில் ஓர் எடை மாட்டப்பட்டிருக்கும். எடை தண்டுக்கு ஒரு பக்கமாக மட்டும் இருப்பதால், சுழலும்போது அது மோட்டாரை ஒவ்வொரு கணமும் ஒவ்வொரு திசையில் வெளியே இழுக்கிறது. சிறிய இடத்தில் அதிக எடை வேண்டும் என்பதற்காக, இரும்பைவிட இருமடங்குக்கும் மேல் அடர்த்தி கொண்ட டங்ஸ்டன் கலவையில் இதைச் செய்கிறார்கள்.

ஒரு சிறிய கணக்கைப் பார்க்கலாம். எடை அரை கிராம் என்றும், அதன் ஈர்ப்பு மையம் தண்டிலிருந்து ஒரு மில்லிமீட்டர் விலகியிருக்கிறது என்றும், மோட்டார் நிமிடத்துக்கு 10,000 சுற்றுச் சுற்றுகிறது என்றும் வைத்துக்கொண்டால், வெளிநோக்கிய விசை ஏறத்தாழ 0.55 நியூட்டன் வரும். உள்ளங்கையில் 55 கிராம் பொருளை வைத்தால் எவ்வளவு அழுத்துமோ அவ்வளவு. அரை கிராம் எடை தன்னைப் போல நூறு மடங்குக்கும் மேற்பட்ட விசையை, நொடிக்கு ஏறத்தாழ 167 முறை திசை மாற்றி மாற்றிக் கொடுக்கிறது. இந்த விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும் என்பதை நினைவில் வையுங்கள். வேகத்தைப் பாதியாக்கினால் விசை கால் பங்காகிவிடும். வோல்ட்டைக் கொஞ்சம் குறைத்ததும் அதிர்வு சட்டென்று மங்கிப்போவதற்கு இதுவே காரணம்.

எத்தனை வகைகள் உண்டு? என் கையில் இருப்பது எந்த வகை?

பழைய பட்டன் போன்களிலும் பேஜர்களிலும் இருப்பது உருளை வகை. 4 முதல் 7 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிறு உருளை. அதன் ஒரு முனையில் பாதி நிலா எடை வெளியே தெரியும். பார்த்தவுடன் அடையாளம் காணலாம். பின்னால் வந்த மெல்லிய போன்களில் காயின் வகை இருக்கிறது. சட்டைப் பொத்தான் அளவில், பெரும்பாலும் 8 அல்லது 10 மில்லிமீட்டர் விட்டமும் 3 மில்லிமீட்டர் அளவு தடிமனும் கொண்ட வட்டத் தகடு. சுழலும் பாகம் முழுவதும் உள்ளே மூடப்பட்டிருக்கும்.

மூன்றாவது வகைதான் பலரையும் குழப்புகிறது. அதற்குள் எதுவும் சுழலாது. ஸ்பிரிங்கில் மாட்டிய காந்தம் ஒரே கோட்டில் முன்னும் பின்னும் ஆடும். இதை எல்ஆர்ஏ என்பார்கள். ஐபோன்களில் டாப்டிக் எஞ்சின் என்ற பெயரில் வருவது இந்த வகையைச் சேர்ந்ததே. எல்ஆர்ஏ சில நேரம் நீள்சதுரப் பெட்டியாகவும், சில நேரம் காயின் மோட்டாரைப் போலவே வட்டமாகவும் இருக்கும். வட்டமாக இருந்தால் கண்ணால் வேறுபடுத்துவது கடினம். ஒரு 1.5 வோல்ட் பென்சில் பேட்டரியைத் தொட்டுப் பாருங்கள். சுழலும் வகையாக இருந்தால் மெதுவாகவாவது ஓடும், அல்லது ஓட முயலும். எல்ஆர்ஏ என்றால் தொடும்போது ஒரு 'டக்', எடுக்கும்போது ஒரு 'டக்', அவ்வளவே. உடனே அதைச் செத்த மோட்டார் என்று எறிந்துவிடாதீர்கள்.

செல்போனைத் தவிர வேறு எவற்றில் கிடைக்கும்?

வீடியோ கேம் கன்ட்ரோலர்களில் கிடைக்கும். பிளேஸ்டேஷனின் டூயல்ஷாக் வரிசைக் கன்ட்ரோலர்களில், 1997இல் வந்த முதலாவதிலிருந்தே, இரு கைப்பிடிகளிலும் ஒவ்வொன்றாக இரண்டு மோட்டார்கள் உண்டு. ஒன்றில் பெரிய எடை, மற்றதில் சிறிய எடை. எக்ஸ்பாக்ஸ் 360 கன்ட்ரோலரிலும் இதே அமைப்புதான். இவை செல்போன் மோட்டாரைவிடப் பெரியவை, அதிக மின்சாரம் இழுப்பவை. பேட்டரியில் ஓடும் மலிவான பல் துலக்கிகளிலும், அதிரும் பொம்மைகளிலும், முகச்சவரக் கைப்பிடிகள் சிலவற்றிலும் கிடைக்கும்.

செல்போன்களில் என் விருப்பம் நோக்கியா 3310 காலத்துப் பட்டன் போன்கள். டி6 அளவுள்ள நட்சத்திரத் திருப்புளி ஒன்று இருந்தால் திறந்துவிடலாம். அந்தக் காலப் போன்கள் பலவற்றில் மோட்டார் ஒரு ரப்பர் உறைக்குள் அமர்ந்து, இரண்டு ஸ்பிரிங் தகடுகளால் போர்டைத் தொட்டுக்கொண்டிருக்கும்; சால்டரிங் அயர்னைத் தொடாமலே எடுத்துவிடலாம். அதற்கும் முந்தைய நோக்கியா 5110 கையில் கிடைத்தால் உள்ளே தேடிக் களைக்க வேண்டாம். அந்தப் போனின் உடலில் அதிர்வு மோட்டார் கிடையாது. அதிர்வு வேண்டியவர்கள் மோட்டார் வைத்த தனிப் பேட்டரியை வாங்கி மாட்டிக்கொண்டார்கள்.

தெருமுனை செல்போன் சர்வீஸ் கடையில் பணிவாகக் கேட்டால், உடைந்த போர்டுகளின் குவியலிலிருந்து ஐந்தாறு மோட்டார்களாவது கிடைக்கும். ஒரே மாதிரியான மோட்டார் இருபது வேண்டும் என்றால் மட்டும் சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் புதிதாக வாங்குவதே நேரத்துக்கு நல்லது.

போனைத் திறப்பதில் ஆபத்து உண்டா?

ஆபத்து மோட்டாரில் இல்லை, பேட்டரியில் இருக்கிறது. பட்டன் போன்களில் பின்மூடியைத் திறந்து பேட்டரியை முதலில் எடுத்துவிடுங்கள். புதிய போன்களில் பேட்டரி பசையால் ஒட்டப்பட்டிருக்கும். அதைத் திருப்புளியாலோ கத்தியாலோ நெம்பினால் உறை கிழிந்து தீப்பற்றக்கூடும். முதலில் பேட்டரியின் கனெக்டரைப் போர்டிலிருந்து விடுவித்துவிட்டு, மோட்டாரை எடுக்க முடிந்தால் பேட்டரியை ஒட்டிய இடத்திலேயே விட்டுவிடுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் அந்தப் போனைத் திறக்கவே வேண்டாம். ஒரு மோட்டாருக்காக அந்த ஆபத்தை ஏற்பது தகாது.

நோக்கியா என்82, சோனி எரிக்சன் கே800 போன்ற சில போன்களில் கேமராவுக்குச் செனான் ஃபிளாஷ் இருந்தது. அந்த ஃபிளாஷை இயக்கும் கெபாசிட்டரில் ஏறத்தாழ 300 வோல்ட் தங்கியிருக்கக்கூடும். பேட்டரியை எடுத்த பிறகும் அது உடனே இறங்காது. அத்தகைய போனில் ஃபிளாஷ் பக்கம் விரலையோ ட்வீசரையோ கொண்டுபோகாதீர்கள்.

மோட்டாரை எடுத்த பிறகு மிஞ்சும் போர்டையும் பேட்டரியையும் வீட்டுக் குப்பையில் போடக் கூடாது. இந்தியாவில் 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் மின்னணுக் கழிவு விதிகளின்படி போர்டும், தனியே உள்ள பேட்டரிக் கழிவு விதிகளின்படி பேட்டரியும் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர வேண்டியவை.

போர்டிலிருந்து சேதமில்லாமல் எப்படிக் கழற்றுவது?

ஸ்பிரிங் தகட்டில் நிற்கும் உருளை மோட்டாரைப் பிளாஸ்டிக் நெம்பியால் தூக்கினால் போதும். ரப்பர் உறையையும் சேர்த்து எடுத்து வையுங்கள். பிறகு பொருத்தும்போது அதைப்போல உதவும் பொருள் வேறில்லை. போர்டில் ஈயம் வைத்து ஒட்டப்பட்ட மோட்டாருக்கு, இரண்டு முனைகளிலும் புதிதாகச் சிறிது ஈயமும், ஈயம் நன்றாக உருகிப் பரவ உதவும் ஃபிளக்ஸும் வைத்து, 350 டிகிரியில் ஒவ்வொரு முனையையும் இரண்டு மூன்று நொடிக்கு மேல் சூடாக்காமல் மாற்றி மாற்றித் தொட்டு உயர்த்துங்கள். சூடு நீடித்தால் உள்ளே பிரஷ்களை, அதாவது சுழலும் பாகத்தை உரசி அதற்கு மின்சாரம் கொடுக்கும் தொடுமுனைகளை, தாங்கும் பிளாஸ்டிக் இளகிவிடும். ஃபிளக்ஸைத் தாராளமாக ஊற்றக் கூடாது, கழற்றிய மோட்டாரை ஆல்கஹாலில் முக்கிக் கழுவவும் கூடாது; இரண்டும் தண்டு வழியாக உள்ளே இறங்கிவிடும்.

காயின் மோட்டார் பெரும்பாலும் இரட்டைப் பசை நாடாவில் ஒட்டியிருக்கும். முடி உலர்த்தியால் அரை நிமிடம் சூடு காட்டி, பழைய ஏடிஎம் அட்டையை அடியில் செருகிச் சாய்த்தால் மெல்லப் பெயர்ந்து வரும். கொறடால் பிடித்து இழுக்காதீர்கள். அந்தத் தகட்டு மூடி மிக மெல்லியது. அது சற்று அமுங்கினாலும் உள்ளே சுழலும் பாகம் மூடியில் உரசத் தொடங்கும். அப்புறம் அந்த மோட்டாரை மீட்க வழியில்லை.

எடுத்த மோட்டாரை வேலை மேசையில் வெறுமனே போட்டுவைக்கவும் வேண்டாம். உள்ளே காந்தம் இருப்பதால் இரும்புத் தூள் எங்கிருந்தாலும் வந்து ஒட்டும். உருளை மோட்டாரில் தண்டு வெளிவரும் இடைவெளி வழியாக அது உள்ளேயும் போய்விடும். ஒரு மாத்திரை டப்பாவில் மூடி வைப்பது என் வழக்கம்.

கழற்றிய மோட்டார் நல்லதா என்று எப்படிச் சோதிப்பது?

மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து இரு முனைகளையும் தொடுங்கள். சுழலும் வகை மோட்டாரில் பெரும்பாலும் 10 முதல் 40 ஓம் வரை காட்டும். எடையை விரலால் மெல்லத் திருப்பினால் அளவு தாவித் தாவி மாறும், அது இயல்புதான். எதுவுமே காட்டாவிட்டால் பிரஷ் தொடாத இடத்தில் நின்றிருக்கலாம். எடையைத் திருப்பி, காயின் மோட்டாராக இருந்தால் மேசை விளிம்பில் மெல்லத் தட்டி, மறுபடி பாருங்கள். பிறகு இரண்டு பென்சில் பேட்டரிகளைத் தொடராக வைத்து 3 வோல்ட் கொடுங்கள். பல ஆண்டுகள் ஓடாமல் கிடந்த மோட்டார் முதல் தடவை முரண்டு பிடிக்கும். ஒருமுறை கையால் சுழற்றிவிட்டால் அடுத்த முறை தானே கிளம்பும்.

பிளஸ், மைனஸ் மாற்றிக் கொடுத்தால் கெட்டுப்போகுமா?

சாதாரணமாகச் சுழலும் வகை கெடாது. சுழலும் திசை மட்டுமே மாறும், அதிர்வில் வேறுபாடு தெரியாது. பிரஷ் இல்லாத காயின் மோட்டார்கள் சில உண்டு. அவற்றுக்குள் சிறு ஐசி (மின்சுற்றுச் சில்லு) இருப்பதால் சிவப்புக் கம்பிக்குப் பிளஸ்தான் கொடுக்க வேண்டும்.

ஆர்டுயினோ பின்னில் நேரடியாக இணைக்கலாமா?

கூடாது. இணையத்தில் கிடைக்கும் படங்கள் சிலவற்றில் அப்படி இணைத்துக் காட்டியிருப்பார்கள், அது சில நாள் ஓடவும் செய்யும். ஆனால் ஆர்டுயினோ ஊனோ போர்டின் ஒரு பின் (இணைப்பு முனை) 40 மில்லிஆம்பியருக்கு மேல் எந்நிலையிலும் தரக் கூடாது. நிம்மதியாக எடுக்கத்தக்கது 20. ராஸ்பெரி பை என்ற சிறு கணினிப் போர்டின் ஒரு பின்னுக்கு 16தான். 3 வோல்ட்டில் ஓடும் காயின் மோட்டார் ஒன்று 60 முதல் 80 மில்லிஆம்பியர் வரை இழுக்கும். கிளம்பும் கணத்தில் இன்னும் கூடுதல். 30 ஓம் மோட்டார் நின்ற நிலையில் 3 வோல்ட்டுக்கு 100 மில்லிஆம்பியர் இழுக்கும் என்பதை ஓம் விதியே சொல்லிவிடும். அதற்கும் மேலாக, மோட்டாரை நிறுத்தும் கணத்தில் அதன் சுருள் எதிர்த்திசையில் ஓர் உயர் மின்னழுத்தத் துடிப்பைத் திருப்பி அனுப்பும். அந்த இணைப்புப் பின் உடனே சாகாது, படிப்படியாக நலிந்து ஒருநாள் நின்றுபோகும்.

செய்ய வேண்டியது எளிது. மோட்டாரின் மின்னோட்டத்தைச் சுவிட்ச்போல் திறந்து மூட ஓர் என்பிஎன் டிரான்சிஸ்டர், ஒரு ரெசிஸ்டர், அந்தத் துடிப்பைத் தடுக்க ஒரு டயோடு ஆகிய மூன்றும் போதும். மோட்டாரின் ஒரு முனையைப் பிளஸ் சப்ளையிலும் மறுமுனையை டிரான்சிஸ்டரின் கலெக்டரிலும் இணையுங்கள். எமிட்டர் கிரவுண்டுக்குப் போகட்டும். ஆர்டுயினோ பின்னிலிருந்து 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாகப் பேஸுக்கு வாருங்கள். 5 வோல்ட் போர்டில் இதனால் பேஸுக்கு 4 மில்லிஆம்பியர் அளவு கிடைக்கும், அது தாராளம். 3.3 வோல்ட் போர்டு என்றால் ரெசிஸ்டரை 470 ஓம் ஆக்குங்கள். மோட்டாருக்குக் குறுக்கே ஒரு டயோடை, அதன் கோடு போட்ட முனை பிளஸ் பக்கம் இருக்குமாறு வையுங்கள்; 1என்4148 போதும்.

எல்லாக் கடைகளிலும் கிடைக்கும் பிசி547ஐத்தான் பலரும் முதலில் எடுக்கிறார்கள். அதன் எல்லையே 100 மில்லிஆம்பியர் என்பதால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. ஏறக்குறைய அதே விலையில் கிடைக்கும் பிசி337 அல்லது 2என்2222 பயன்படுத்துங்கள். கேம் கன்ட்ரோலர் மோட்டாருக்குக் கட்டாயம் இவற்றில் ஒன்றோ, 3.3 வோல்ட்டிலேயே முழுதாகத் திறக்கும் ஏஓ3400 போன்ற மாஸ்ஃபெட் வகை டிரான்சிஸ்டரோ வேண்டும்.

என்னிடம் 5 வோல்ட் சப்ளைதான் இருக்கிறது. 3 வோல்ட் மோட்டாரை அதில் ஓட்டலாமா?

ஓரிரு நொடி ஓட்டினால் ஒன்றும் ஆகாது. தொடர்ந்து ஓட்டினால் பிரஷ் விரைவில் தேய்ந்துவிடும். தொடராக ஒரு ரெசிஸ்டர் வைத்துவிடுங்கள். மோட்டார் 75 மில்லிஆம்பியர் இழுக்கிறது என்றால் மிச்சமுள்ள 2 வோல்ட்டை இறக்க 27 ஓம் தேவை. அதில் வீணாவது 0.15 வாட் மட்டுமே என்பதால் சாதாரணக் கால் வாட் ரெசிஸ்டர் தாங்கும்.

அதிர்வின் வலிமையைக் கூட்டிக் குறைக்க முடியுமா?

மின்சாரத்தை மிக வேகமாக விட்டுவிட்டுக் கொடுக்கும் பிடபிள்யூஎம் முறை மூலம் முடியும், ஆனால் ஒரு வரம்புக்குள். சுழலும் வகையில் வேகமும் வலிமையும் சேர்ந்தே மாறும். வலிமையை மட்டும் தனியாகக் குறைக்க இயலாது. தவிர, 3 வோல்ட் மோட்டார்கள் பலவும் 2 வோல்ட்டுக்குச் சற்று மேலே வந்தால்தான் நின்ற நிலையிலிருந்து கிளம்பும். கிளம்பிய பிறகு அதைவிடக் குறைந்த வோல்ட்டிலும் ஓடும். ஆகவே மெல்லிய அதிர்வு வேண்டுமானால், முதலில் 30 முதல் 50 மில்லிநொடி முழு வலிமையில் ஓர் உந்துதல் கொடுத்துவிட்டு உடனே குறைத்துக்கொள்ளுங்கள். 'குறைந்த அளவில் வைத்தால் ஓடவே இல்லை' என்று சொல்பவர்களுக்கு இந்த ஒரு வரி நிரலே தீர்வாக அமைந்திருக்கிறது.

ஆர்டுயினோ ஊனோவின் இயல்பான பிடபிள்யூஎம் 490 ஹெர்ட்ஸ் (5, 6 ஆம் பின்களில் 980). அந்த அதிர்வெண்ணில் மோட்டார் மெலிதாக ரீங்கரிக்கும். தொந்தரவாக இருந்தால் 20 கிலோஹெர்ட்ஸுக்கு உயர்த்துங்கள். ஈஎஸ்பி32இல் அது எளிது. அவ்வாறு உயர்த்தும்போது டயோடும் விரைவானதாக இருக்க வேண்டும். 1என்4007 அதற்கு ஏற்றதல்ல.

மோட்டார் ஓடியதும் போர்டு ரீசெட் ஆகிறது. ஏன்?

மோட்டார் கிளம்பும் கணத்தில் சப்ளை வோல்ட் சரிகிறது, பிரஷ் பொறி இரைச்சலையும் கிளப்புகிறது. மோட்டாரின் முனைகளுக்குக் குறுக்கே, முடிந்தவரை மோட்டாருக்கு அருகில், 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கெபாசிட்டர் ஒன்றும், சப்ளையில் 100 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றும் வையுங்கள்.

ஓடிக்கொண்டிருந்த மோட்டார் இரண்டே நாளில் நின்றுவிட்டது. மோட்டார் செத்துவிட்டதா?

ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். பள்ளி அறிவியல் கண்காட்சிக்காகப் பார்வையற்றோர் கைத்தடி ஒன்றைச் செய்துகொண்டிருந்த ஒன்பதாம் வகுப்பு மாணவி, கண்காட்சிக்கு முந்தைய இரவு அழைத்து, "அண்ணா, மோட்டார் செத்துப்போச்சு" என்றாள். குரல் உடைந்திருந்தது. தடியைக் கொண்டுவரச் சொல்லி உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தோம். கம்பியின் சிவப்பு உறை முழுசாக இருந்தது. உள்ளே செம்பு இழைகள் மட்டும், ஈயம் முடியும் இடத்தில், கத்தரித்ததுபோல் அறுந்து பளபளத்தன. அரை மணி நேரத்தில் புதுக் கம்பி வைத்து அனுப்பினோம். அதே மோட்டார் கண்காட்சி நாள் முழுவதும் ஓடியது.

ஏன் அந்த இடத்தில் அறுகிறது என்பதைப் புரிந்துகொண்டால் பாதிப் பிரச்சினை தீரும். பற்ற வைக்கும்போது உருகிய ஈயம் இழைகளுக்கிடையே சில மில்லிமீட்டர் ஏறி, அந்தப் பகுதியை விறைப்பாக்குகிறது. அதற்கு அப்பால் கம்பி நெகிழ்வாகவே இருக்கிறது. நொடிக்கு 150, 200 முறை ஆடும் கம்பி, விறைப்பும் நெகிழ்வும் சந்திக்கும் அந்த ஒரே புள்ளியில்தான் வளைந்து நிமிர்கிறது. செம்பு அதை நெடுநேரம் தாங்காது.

ஆகவே ஆடும் இடத்தை இணைப்பிலிருந்து தள்ளிக் கொண்டுபோக வேண்டும். காயின் மோட்டாரோடு வரும் முடி போன்ற கம்பியை ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு விட்டு, சிறிய துண்டுப் போர்டு ஒன்றில் பற்றவைத்து, அந்தப் போர்டையும் மோட்டாரையும் ஒரே அட்டையில் அடுத்தடுத்து ஒட்டிவிடுங்கள். இரண்டும் சேர்ந்தே ஆடும்போது இடையிலுள்ள கம்பி வளைவதில்லை. போர்டிலிருந்து வெளியே போகும் கம்பி சிலிக்கான் உறை கொண்ட, பல இழைகளுள்ள மெல்லிய கம்பியாக இருக்கட்டும். ஒற்றை இழைக் கம்பி வேண்டவே வேண்டாம். அது வெளியேறும் இடத்தில் ஒரு சிறு வளைவு விட்டு, ஹாட் க்ளூவால் உறையோடு சேர்த்துப் பிடித்துவிடுங்கள். பிரெட்போர்டில் செருகும் ஜம்பர் கம்பிகள் சோதனைக்கு மட்டுமே. அதிர்வில் அவை தானாகக் கழன்றுவிடும்.

மோட்டார் கையில் நன்றாக அதிர்கிறது, பெட்டியில் பொருத்தினால் உணரவே முடியவில்லை. என்ன செய்வது?

மேலே சொன்ன 0.55 நியூட்டன் விசையை மறுபடி எடுத்துக்கொள்வோம். அதை 100 கிராம் எடையுள்ள பொருளில் பொருத்தினால் புவியீர்ப்பு முடுக்கத்தில் பாதிக்குச் சற்று மேல் அளவுக்கு அந்தப் பொருள் குலுங்கும். விரல் தெளிவாக உணரும். ஒரு கிலோ பெட்டியில் பொருத்தினால் குலுக்கம் பத்தில் ஒரு பங்கு. மோட்டார் குறை சொல்லத்தக்கதல்ல, பெட்டிதான் கனமாக இருக்கிறது.

ஆகவே பெட்டி முழுவதையும் அதிரவைக்க முயலாமல், தோல் தொடும் இடத்தை மட்டும் அதிரவையுங்கள். மோட்டாரை ஒரு சிறிய, விறைப்பான பிளாஸ்டிக் தகட்டில் இறுக ஒட்டி, அந்தத் தகட்டை மெல்லிய ஸ்பாஞ்சு வைத்து மற்றப் பாகங்களிலிருந்து பிரித்துவிடுங்கள். மோட்டாருக்கும் தோலுக்கும் இடையே மென்மையான எதுவும் இருக்கக் கூடாது. மோட்டாருக்கும் பெட்டிக்கும் இடையே இருக்க வேண்டும். இதை எதிர்மாறாகச் செய்தவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். மணிக்கட்டில் கட்டுவதாக இருந்தால் துணிப்பட்டை தளர்வாக இருக்கக் கூடாது.

அதிரும் திசையையும் கவனியுங்கள். உருளை மோட்டார் தன் தண்டுக்குச் செங்குத்தான எல்லாத் திசைகளிலும் அதிர்கிறது. காயின் மோட்டார் தன் தட்டையான பரப்புக்கு இணையாக அதிர்கிறது. அதாவது தோலைக் குத்தாமல் பக்கவாட்டில் தேய்க்கிறது. வட்டமான எல்ஆர்ஏ பெரும்பாலும் பரப்புக்குச் செங்குத்தாகத் தட்டும். மனிதத் தோல் 200 முதல் 300 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வைத்தான் மிக நுட்பமாக உணரும் என்பதால், மோட்டாரை மிக மெதுவாக ஓட்டினால் விசை குறைவதோடு உணர்வும் மங்கும்.

ஒட்டுவதற்கு இரட்டைப் பசை நாடாவோ எபாக்சியோ நல்லது. சூப்பர் க்ளூ வேண்டாம். அது எளிதாக இடுக்கில் ஏறி, தண்டைப் பிடித்துக்கொள்ளும். உருளை மோட்டாரில் எடை சுழல இடம் விட்டிருக்கிறீர்களா என்பதை மூடியைத் திருகுவதற்கு முன் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

பட்டன் பேட்டரியில் ஓடுமா?

சிஆர்2032 பேட்டரியில் ஓடும், ஆனால் சிறிது நேரமே. அதன் மேல் போட்டிருக்கும் 220 மில்லிஆம்பியர்-மணி அளவு மிகச் சிறிய மின்னோட்டத்துக்கு உரியது. 70 மில்லிஆம்பியர் இழுத்தால் அதன் வோல்ட் உடனே சரிந்துவிடும். பல் துலக்கியின் தலையை வெட்டி, மேலே மோட்டாரும் பட்டன் பேட்டரியும் ஒட்டிச் செய்யும் துள்ளும் பூச்சி பொம்மைக்கு அது போதும். பிள்ளைகள் முதன்முதலில் செய்ய அதைவிடச் சிறந்த திட்டத்தை நான் அறியேன். தூரிகை மயிர்கள் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும் துலக்கியாகத் தேர்ந்தெடுத்தால் பூச்சி நேராக ஓடும். பட்டன் பேட்டரியைச் சிறு குழந்தைகள் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து என்பதால் பெரியவர் ஒருவர் உடனிருக்க வேண்டும். மற்ற எல்லாவற்றுக்கும் இரண்டு ஏஏஏ பேட்டரிகளே பொருத்தமானவை.

எல்ஆர்ஏ வகையை எப்படி ஓட்டுவது?

அதற்கு மாறுதிசை மின்னோட்டம் வேண்டும், அதுவும் அதன் இயல் அதிர்வெண்ணில். பெரும்பாலானவற்றுக்கு அது 150 முதல் 235 ஹெர்ட்ஸுக்குள் இருக்கும். சில ஹெர்ட்ஸ் விலகினாலும் அதிர்வு வெகுவாகக் குறையும். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிஆர்வி2605எல் என்ற ஐசி இதற்காகவே செய்யப்பட்டது. போர்டுடன் ஐ2சி என்ற இரு கம்பித் தகவல் தொடர்பு வழியே பேசும், எல்ஆர்ஏவின் இயல் அதிர்வெண்ணைத் தானே கண்டுபிடித்துக்கொள்ளும், 123 அதிர்வு வகைகளை உள்ளேயே வைத்திருக்கிறது. சுழலும் வகையையும் அது ஓட்டும். நிறுத்தும்போது எதிர்த்திசையில் மின்சாரம் கொடுத்து உடனே நிறுத்துவதால் அதிர்வு குழையாமல் துல்லியமாக இருக்கும்.

ஐசி இல்லாமல் பரிசோதிக்க விரும்பினால், பிஏஎம்8403 போன்ற சிறிய ஆடியோ ஆம்பிளிஃபயரில் ஸ்பீக்கருக்குப் பதில் எல்ஆர்ஏவை இணைத்து, போனிலுள்ள ஒலி உருவாக்கும் செயலியால் 150 ஹெர்ட்ஸிலிருந்து மெல்ல மெல்ல உயர்த்துங்கள். ஒலியளவு மிகக் குறைவாகவே இருக்கட்டும். ஓர் இடத்தில் விரலுக்கடியில் திடீரென்று உயிர் பெற்றதுபோல் அதிரும். அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எடையைக் கழற்றிவிட்டுச் சாதாரண மோட்டாராகப் பயன்படுத்தலாமா?

உருளை வகையில் முடியும். தண்டு ஒரு மில்லிமீட்டரோ அதற்கும் குறைவோதான். எடை அதில் இறுக அழுத்தப்பட்டிருக்கும். மோட்டாரைப் பிடித்துக்கொண்டு எடையைக் கொறடால் இழுத்தால் தண்டு வளையும், அல்லது சுழலும் பாகமே உள்ளிருந்து பிடுங்கி வந்துவிடும். மாறாக, ஒரு தகட்டில் தண்டு நுழையும் அளவுக்குப் பள்ளம் வெட்டி, எடையை அதன்மேல் தாங்கவிட்டு, தண்டின் முனையை மெல்லிய ஊசியால் அழுத்தி வெளியேற்றுங்கள். இவ்வகையின் சுழலும் பாகத்தில் இரும்புக் கரு இல்லாததால் மிக வேகமாகச் சுழலும், ஆனால் முறுக்குவிசை மிகக் குறைவு. காகித விசிறிக்குப் போதும், சக்கர வண்டிக்குப் பல்சக்கரம் இல்லாமல் போதாது.

இதைக் கொண்டு பயனுள்ளதாக என்ன செய்யலாம்?

கண்ணும் காதும் வேறு வேலையில் இருக்கும்போது தோல் வழியாகச் செய்தி சொல்வதே இந்த மோட்டாரின் தனிப் பலம். ஐஐடி டெல்லியில் உருவாகி 2014இல் வெளிவந்த ஸ்மார்ட்கேன், தடியின் கைப்பிடியில் பொருத்திய மீயொலி உணரி மூலம் முழங்காலுக்கு மேலே உள்ள தடைகளைக் கண்டறிந்து அதிர்வால் உணர்த்துகிறது. அதன் தயாரிப்பில் சென்னையைச் சேர்ந்த ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ் பங்கேற்றது. ஜெர்மனியின் ஓஸ்னாபுரூக் பல்கலைக்கழகத்தில் செய்த ஃபீல்ஸ்பேஸ் இடுப்புப் பட்டையில் சுற்றிலும் அதிர்வு மோட்டார்கள் இருந்தன. எந்தப் பக்கம் திரும்பினாலும் வடக்கு நோக்கிய மோட்டார் மட்டும் அதிர்ந்துகொண்டிருக்கும்.

இரண்டையும் சிறிய அளவில் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். தடிக்கு ஹெச்சி-எஸ்ஆர்04 மீயொலி உணரி போதும். அது 2 சென்டிமீட்டர் முதல் 4 மீட்டர் வரை அளக்கும். தடை நெருங்க நெருங்க அதிர்வின் வலிமையைக் கூட்டும் நிரலைத்தான் எல்லோரும் முதலில் எழுதுகிறார்கள். அதைவிடத் துடிப்புகளின் இடைவெளியைக் குறைப்பது நல்லது; வலிமை வேறுபாட்டைத் தோல் சரியாகப் பிரித்தறியாது, இடைவெளி வேறுபாட்டை உடனே உணரும். 3 மீட்டரில் நொடிக்கு ஒரு துடிப்பு, 1 மீட்டரில் நான்கு, அரை மீட்டருக்குள் இடைவிடாத அதிர்வு என்று வைத்துத் தொடங்குங்கள். ஒரு துடிப்பு 100 மில்லிநொடிக்குக் குறையாமல் இருக்கட்டும். காயின் மோட்டார் முழு வேகத்தை எட்டுவதற்கே அதில் பெரும்பகுதி போய்விடும். வடக்குப் பட்டைக்குப் பழைய போன்களிலிருந்து எடுத்த எட்டு மோட்டார்கள் போதும். எட்டும் ஒரே வகையாக அமைவது அரிது. ஆகவே ஒவ்வொன்றையும் கட்டியவாறே ஓட்டிப் பார்த்து, வலுவாக அதிர்வதன் பிடபிள்யூஎம் அளவைக் குறைத்து, எட்டும் ஒன்றுபோல் உணரும்வரை சரிசெய்துகொள்ளுங்கள்.